முதல் டம்ளர் தெருவுக்கு

கோயம்புத்தூரில் காபிக் கடை வைக்க இடம் தேடிய எத்தனையோ பேரில், டம்ளரில் ஊற்றிய காபியின் ஆவி எந்தப் பக்கம் நடந்து போகிறது என்று பார்த்து இடம் பிடித்தவள் சம்பூர்ணம் ஒருத்திதான். அதையும் அவள் ஒரு அதிசயமாக யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, காற்று அடிக்கிற திக்கைப் பார்த்து அடுப்பு போடுகிறவர்கள் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிகிறார்கள்.

அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் இருபத்தாறு வருஷம் காபி போட்டவள். காலை ஷிப்டுக்கு நூற்றைம்பது டம்ளர், மதிய ஷிப்டுக்கு நூற்றைம்பது, ஆபீஸ்காரர்களுக்குத் தனியாக முப்பது என்று போட்டுப் போட்டு, பொத்தானை அமுக்கினால் தானே ஊற்றிக் கொடுக்கிற மெஷின் ஒன்று வந்து நின்ற அன்றைக்கு, ஒரு பெரிய பித்தளை பில்டரைப் பரிசாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். கல்யாணம் ஒன்று நடந்து, ஒன்றரை வருஷத்தில் நடக்காததுபோலவே முடிந்து போயிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் அண்ணன் ஒருவர் இருந்தார். இருந்தார் என்பதோடு சரி.

கேன்டீனில் இருந்தபோது ஒருமுறை அவளுக்கு டைபாய்டு வந்து ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள். பத்தாம் நாள் கால் நடுங்க நடுங்க வேலைக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது, ஆஸ்பத்திரி பேரைச் சொல்வதா வேண்டாமா என்றெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். நூற்றைம்பது கைகள் வரிசையாக நீண்டன, நூற்றைம்பது டம்ளர்களை வாங்கிக்கொண்டன, ஒரே ஒருவர் மட்டும் திரும்பி வந்து, "இன்னைக்கிச் சக்கரை கம்மிங்களே" என்றார். ஒன்பது நாள் வேறொரு கை ஊற்றியது அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தனக்கென்று ஒரு கடை வைத்தால், ஒருநாள் திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று கேட்க ஆள் இருக்கிற வீதியில்தான் வைப்பது என்று அங்கேதான் தீர்மானம் செய்தாள். இடம் தேடிப் போனபோது அவள் மனதில் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு பற்றவைத்ததும் போடுகிற முதல் டம்ளரை யாரும் குடிக்கக்கூடாது, அது தெருவுக்கு; வாசலில் இறங்கி மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவார்கள். போடுகிறவள் குடிப்பது கடைசியில், எல்லாருக்கும் ஊற்றி முடித்து அடியில் எது மிஞ்சுகிறதோ அதை, அது ஆறி வெகுநேரம் ஆன பிறகு. சம்பூர்ணம் இந்த இரண்டையும் மாற்றாதவள், ஆனால் நல்ல காபியை மண்ணில் ஊற்ற மனசு வராமல், முதல் டம்ளரை வாசலில் வைத்து, ஆறும்வரை தெரு குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆறிய பிறகு ஊற்றுகிறவள்.

இடம் காட்ட வந்த புரோக்கர் நாச்சிமுத்துவுக்கு அறுபது வயது. மொபெட்டில் உட்கார்ந்தபடியே ஊரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்போலப் பேசுவார். "ஏனுங்க அம்மிணி, காபிக் கடைக்கு மூணுதானுங்க வேணும். பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி, டியூசன் சென்டர். மூணுல ஒண்ணு இருந்தாப் போதும், கண்ண மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுத்துப்போடலாம்" என்றார்.

அவள் ஒரு பிளாஸ்க்கும் ஒரு டம்ளரும் எடுத்துக்கொண்டு அவர் காட்டிய இடங்களுக்கெல்லாம் காலை ஏழு மணிக்குப் போய், அங்கே இருக்கிற ஏதாவதொரு படியில் உட்கார்ந்து, முதல் டம்ளரைத் தெருவுக்கு வைத்துவிட்டுப் பார்த்தாள். ஆர்.எஸ்.புரத்தில் ஆவி டம்ளரைவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்து ஒரு அடுக்குமாடியின் கேட்டுவரை போய், வாட்ச்மேனைப் பார்த்துத் திரும்பி வந்தது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரிடமும் போகப் பார்த்துக் கிழிந்து போயிற்று. பீளமேட்டில் அத்தனை ஹாஸ்டல் ஜன்னல்களுக்கும் பிரிந்து நூல் நூலாகி ஒன்றுமில்லாமல் ஆனது. வடவள்ளியில் அது எங்கும் போகாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்படிப் பதினோரு இடம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டிவிட, நாச்சிமுத்துவுக்குச் சலித்துப் போயிற்று. பன்னிரண்டாவதாக, காட்டவேண்டும் என்று நினைத்துக்கூட அல்ல, மொபெட்டைத் திருப்புவதற்காகத்தான் அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் அங்கண்ணன் லே-அவுட் மூன்றாம் வீதிக்குள் நுழைந்தார்.

முப்பத்திரண்டு வீடுகள், கடைசியில் மூடிப்போன ஒரு மில்லின் உயரமான சுவர், அதோடு வீதி முடிந்தது. இஸ்திரிக் கடையாக இருந்து பூட்டிக் கிடந்த ஒரு சின்ன அறை, அதன் முன்னால் ஒரு கல் பெஞ்சு. அவள் டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தாள். ஆவி எழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, வீதியில் இறங்கியது, நாலு வீடுகளைத் திரும்பிப் பாராமல் கடந்து ஐந்தாவது வீட்டின் மாடிப்படி ஏறி, மூடியிருந்த ஒரு ஜன்னலுக்கு வெளியே, விலாசம் தெரிந்து வந்த ஆள்போல, காபி ஆறுகிறவரை அசையாமல் நின்றது.

"இதுதானுங்கண்ணா" என்றாள் சம்பூர்ணம்.

"இது முட்டு வீதிங்க அம்மிணி. வழி தெரியாம வர்றவன்தான் இங்க வருவான், நம்மளத் திட்டிக்கிட்டே திரும்பிப் போவான். நாயி வந்தாக்கூடத் திரும்பித்தான் போகோணும்."

"திரும்பறதுக்குள்ள ஒரு காபி குடிக்கமாட்டாங்களா?"

நாச்சிமுத்து மொபெட்டைவிட்டு இறங்கி அட்வான்ஸ் பேசினார். மில் சுவருக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடை ஒன்றின் மேலே தகரம் போட்ட ஒரு மாடி அறையை அவள் தங்குவதற்கும் அவரே பிடித்துக் கொடுத்தார். இரண்டு இடத்துக்கும் நடுவில் அந்தச் சுவர் ஒன்றுதான், ஆனால் சுவரைச் சுற்றி மெயின் ரோடு வழியாக வரவேண்டும் என்பதால் கால் மணி நேர நடை.

ஆவணியில் கடை திறந்தாள். முதல் நாள் முதல் டம்ளரின் ஆவி அதே ஐந்தாவது வீட்டு மாடிக்கு ஏறியது. ஜன்னல் திறந்தது, சற்று நேரத்தில் லுங்கியும் தோளில் துண்டுமாக, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணி என்பவர் இறங்கி வந்தார். "ஏனுங்க, உங்க காபி மேல வந்துருச்சுங்க" என்றார், பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து பறந்து வந்த துணியைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காபி குடித்துவிட்டுப் போனார். மறுநாளும் ஆவி போயிற்று, மறுநாளும் வந்தார். ஒரு மாதத்தில் அது அவரை விட்டுவிட்டுப் பதினேழாம் நம்பர் வீட்டு நர்சம்மாவிடம் போகத் தொடங்கியது. பிறகு பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்ணின் மொட்டைமாடி அறைக்கு. வீதிக்காரர்கள் பார்த்தார்கள், பேப்பர் போடுகிறவர் வந்து போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், இன்றைக்கு எந்த வீடு என்று கேட்டுக்கொண்டார்கள், யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த ஆவி சம்பூர்ணத்தின் பித்தளை பில்டரில் இறங்கிய முதல் டம்ளருக்கு மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் வீட்டில் போடுகிற காபியின் ஆவி எப்போதும்போல மேலே போயிற்று.

காபி ருசி தெரிந்தவர்களைத் தேடித்தான் அது போகிறது என்று சம்பூர்ணம் நினைத்திருந்தாள். வீதியும் அப்படித்தான் நினைத்தது, ஐப்பசியில் ஒருநாள் அது பெரிய வீட்டுக்குப் போகிறவரை.

பெரிய வீட்டில் ஒன்பது பேர். எந்நேரமும் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும், எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆவி நேராக அந்த வீட்டின் பின்புறம் போய்ச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. மாமியார் பழனியம்மாள் வெளியே வந்து, "எங்க ஊட்டுல காபிக்கா பஞ்சம்? இது எதுக்கு இங்க வந்து நிக்குது?" என்று வீதிக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். உள்ளே எட்டு டம்ளருக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்த மருமகள் கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள், கம்பிகளுக்கு நடுவே முகத்தை நீட்டினாள், ஆவி முகத்தில் படப்பட அப்படியே கண்ணை மூடி நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள் பார்க்கவில்லை. பழனியம்மாள் பார்த்தார், உள்ளே போய்த் தானே அடுப்பை அணைத்தார்.

அன்றைக்குத்தான் மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தை உடைத்தார். "எம்பட சம்சாரம் போயிப் பதினாலு மாசமாச்சுங்க. பதினாலு மாசமா எனக்குன்னு ஒருத்தரும் காபி போடலீங்க. அந்தப் புள்ள கல்யாணமாயிப் பதினோரு வருசமா எட்டுப் பேருக்குப் போடுது, அதுக்கு யாருங்க போட்டாங்க? லைன் எங்க கட்டாயிருக்குதோ அங்க போயி நிக்குதுங்க இது. அவ்வளவுதான் விசயம்."

அதற்குப் பிறகு வீதி கொஞ்ச நாள் தலைகுனிந்து திரிந்தது. சிலர் விடிகாலையிலேயே ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஆவி சாத்திய ஜன்னலுக்கு வெளியே இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றது. ஒருவர் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். அது காற்று நிற்கிறவரை காத்திருந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆவி வருமா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு பெரியவர் மூன்று நாள் வீட்டில் காபியை நிறுத்திப் பார்த்தார், தலைவலிதான் வந்தது. எத்தனை நாளைக்கு வெட்கப்படுவது? கார்த்திகையில் குடியிருப்போர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. ஆவி இதுவரை போய் நின்ற பதினோரு பேருக்கும், இனி போய் நிற்கப் போகிறவர்களுக்கும், முறை வைத்து, ஒவ்வொரு வீட்டாரும் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டியது. முப்பத்திரண்டு வீடும் யார் யாருக்கு என்று டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். மருமகளுக்குப் போடுவது பழனியம்மாள் பொறுப்பு. முதல் வாரம் டம்ளரை டொக்கென்று வைத்தார், பிறகு சத்தமில்லாமல் வைத்தார், மார்கழிக் குளிரில் ஒருநாள் சக்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்.

தை பிறந்தபோது ஆவிக்குப் போக இடமில்லாமல் போயிற்று. முதல் டம்ளரின் ஆவி டம்ளரைவிட்டு எழுந்து, வீதியை இப்படியும் அப்படியும் ஒருதரம் பார்த்துவிட்டு, உலகத்தில் உள்ள மற்ற ஆவிகளைப்போல நேராக மேலே போய்க் கலைந்தது. வீதிக்குப் பெருமை தாங்கவில்லை. சங்கத்தில் ஒரு விழா வைத்து, சம்பூர்ணத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த விழாவுக்கு வந்த நூற்றுப்பத்துப் பேருக்கும் காபி போட்டது சம்பூர்ணம்தான்; சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் திரும்ப அடுப்புக்குப் போனதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆவி யாரிடம் போயிற்றோ அவர்கள் பேர் போர்டில் ஏறியது. ஊற்றுகிறவளிடம் அது ஒருநாளும் போகவில்லை, தன் கையால் ஊற்றிய காபியில் தனக்கு வர என்ன இருக்கிறது. எல்லாருக்கும் காபி கிடைக்கிற ஒரு வீதியில், காபிக்காரிக்குக் காபிக்கு என்ன குறை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆறு மாதத்தில் அவளிடம் ஆயிரம் விஷயம் பேசியவர்கள், அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டதில்லை. காலையில் வீதியின் வாய்ப்பக்கமிருந்து வருவாள், சாயங்காலம் வீதியின் வாய்ப்பக்கம் போவாள். பால் பாக்கெட்டுகளை எடுத்து வைப்பதற்காகக் கோகிலவாணியிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள். அதைத் தவிர அவளுடையது என்று எதுவும் அந்த வீதியில் இன்னொருவர் கையில் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை சம்பூர்ணம் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உடம்புக்கு ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அடியில் மிஞ்சியதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவும்போது, இந்த இருபத்தேழு வருஷத்தில் சூடான காபி எப்படி இருக்கும் என்பது தனக்கு வாசனையாக மட்டும்தான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது அப்படியே உள்ளே உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் திறக்காமல் இருந்து பார்ப்போம் என்று அவள் நினைத்தாளா என்றால், நினைக்கத்தான் செய்தாள், அதற்காக வெட்கப்படவும் செய்தாள். பாயில் மல்லாந்து படுத்துத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி ஆயிற்று, எட்டு, ஒன்பது. கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்தார்கள். படியில் காலடி கேட்கவில்லை. கேன்டீனை நினைத்துக்கொண்டாள், நீண்ட கைகளை நினைத்துக்கொண்டாள். ஊருக்குப் போயிருப்பாள், அண்ணன் வீட்டில் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவளே அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் நாளும் யாரும் வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் அழுதாள், குழாயைத் திறந்துவிடாமல். இடம் பார்க்கத் தெரியவில்லை எனக்கு, நாச்சிமுத்தண்ணன் சொன்ன பஸ் ஸ்டாப்பிலேயே வைத்திருக்கலாம், அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று தலையணையிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை ஏழே காலுக்குத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக ஆவி உள்ளே வந்தது. வெகுதூரம் வந்ததில் இளைத்துப்போய், நூலளவுதான் இருந்தது. அறையின் நடுவே ஒருகணம் நின்று, இறங்கி, பாயில் எழுந்து உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே அது நிற்பதைப் பார்த்தவள் அவள். அதனால் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர் இருந்தது, ஆணியில் அந்தச் சால்வை இருந்தது. திரும்பினாள். கன்னத்தில் லேசாகச் சூடு பட்டது. மூக்கு முதலில் தன் வேலையைத்தான் பார்த்தது: பால் நேற்றையது, சிக்கரி ஒரு கை கூடுதல், டிகாக்ஷனை அவசரப்பட்டுத் தட்டி இறக்கியிருக்கிறார்கள், என் பில்டர்தான், என் கை இல்லை. கை யாருடையது என்று யோசிப்பதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது.

"மேலதானுங்க போச்சு, நான் பார்த்தேன்" என்றது மாசிலாமணியின் குரல், மூச்சிரைக்க. "செவத்து மேல ஏறித் தாண்டிருச்சு, நாம சுத்திக்கிட்டு வரோணும்னு அதுக்குத் தெரியுதுங்களா?"

"பேசாம வாங்க மாமா, காபி ஆறுது" என்றது கோகிலவாணியின் குரல். "மூணு நாள் பாலு வீணாப் போகுதேன்னு கடையத் தொறந்து போட்டேன். மொத டம்ளரத் தெருவுக்குன்னு பெஞ்சுல வெச்சா, ஒரு ஊட்டையும் ஏறிட்டுப் பார்க்காம இது பாட்டுக்கு வருது!"

"அந்தப் பொம்பள இங்கயா இருக்குது?" இது பழனியம்மாள். "நம்ம செவத்துக்கு அந்தப் பக்கமா? இத்தன நாளா?" பிறகு பழனியம்மாளே, "தட்டுல பிடிச்சுக்க, சிந்தாம ஏறு" என்றார்.

இரும்புப் படியில் காலடிகள் ஏறின. ஒன்று, இரண்டு, அதற்குப் பின்னால் எண்ண முடியாதபடி இன்னும் பல. சம்பூர்ணம் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள், முடியை அள்ளிச் செருகினாள், கதவருகே வந்து தாழ்ப்பாளில் கையை வைத்தாள். ஆவி அவளோடு கூடவே வந்து தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, மூணு நாளாக் கடை தொறக்கலியே" என்றாள் கோகிலவாணி. "ஏனுங்கக்கா தொறக்கல?"

டைபாய்டு வந்த அந்த நாளிலிருந்து இதற்கு எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தவளுக்கு அதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஆவி அடங்கிவிடும் என்பதும் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்கவேண்டும்போல இருந்தது. அதனால் அவள் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி, அதைத் திறக்காமல் நின்றாள்.

கோகிலவாணி இன்னொரு தரம் கேட்டாள்.